ஏழாம் நம்பர் ராக்கெட்

கட்டுக்கலை,
கண்டி.
2-7-1974

அன்புள்ள மாப்பிள்ளை திருச்செல்வம் அவர்களுக்கு,

இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் பாலாம்பிகையும் ஸாம்பியாவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததை அவளுடைய ஏயார் லெட்டரில் படித்தேன். குவாட்டர்ஸ் பெரிது, தண்ணீர் குழாயிலேயே வருகிறது என்று எழுதியிருந்தாள். சந்தோஷம்.

உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையே திரும்ப எழுதப் போகிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

பெப்ரவரி 9ஆம் திகதி, சனிக்கிழமை காலை, மடுல்கெல்ல தோட்டத்துக்கு மேலே உள்ள புல்மலையில் நம்முடைய ஏழாம் நம்பர் ராக்கெட் வெடித்தது. கண்டி விண்வெளிக் கழகத்தில் இருந்ததே மூன்று பேர். கணக்குப் போட நான், வெடியுப்பும் சீனியும் உருக்கி எரிபொருள் வார்க்க நீங்கள், குழாய் கடைந்து வெல்டிங் வைக்க ஷிராஸ். ஐம்பது மைல் போனால் விண்வெளி, அதைத் தொடாமல் விடுவதில்லை என்று ஏழு வருடம் உழைத்தோம். ஐந்தாம் நம்பர் ஒன்பதாயிரத்து நானூறு அடி போனது. ஏழாம் நம்பர் நின்ற இடத்திலேயே வெடித்தது. ஷிராஸுக்கு இடது கண் போனது, வலது கையில் மூன்று விரல்கள் போயின.

இப்போது உங்கள் தொழிற்பயிற்சி நிலையம் அவனை வேலையிலிருந்து இடைநிறுத்தி வைத்திருக்கிறது. குற்றச்சாட்டு இரண்டு. நிலையத்தின் உருக்குக் குழாயைத் திருடினான் என்பது ஒன்று. அவனுடைய வெல்டிங் விட்டதால்தான் விபத்து, ஆகவே அவன் தொழிலுக்குத் தகுதியில்லாதவன் என்பது மற்றது. நவம்பர் 21ஆம் திகதி மேன்முறையீட்டு விசாரணை. இரண்டும் நீங்கினால் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை தருவதாகப் பணிப்பாளர் சொல்லியிருக்கிறார். ஒன்று நின்றாலும் வீட்டுக்கு. இரண்டு விரல் உள்ள லேத்காரனை வேறு எவன் எடுப்பான்?

அந்தக் குழாயை எடுக்கச் சொன்னது போதனாசிரியரான நீங்கள். மார்ச் விசாரணையில் "எனக்குத் தெரியாது" என்றீர்கள். ஏப்ரலில் விமானம் ஏறினீர்கள். வெடித்தது வெல்டிங்காலா, எரிபொருளாலா என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் என் தங்கையின் கணவர் என்பதால் நானும் மார்ச்சில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போதனாசிரியர் வேலைக்கு 1961இல் நானும் விண்ணப்பித்தவன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த இரண்டு விஷயத்தையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பாலாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
ச. ராஜலிங்கம்

கிட்வே,
ஸாம்பியா.
4-8-1974

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல். முதுகுவலி எப்படி இருக்கிறது? பழைய தைலத்தையே தேய்க்கிறீர்களா?

இங்கே இப்போது குளிர்காலம். காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். மண் செக்கச்சிவப்பு. பட்டறையில் மூன்று லேத் இருக்கின்றன, மூன்றும் புதியவை. கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. பாண் வாங்க யாரும் கியூவில் நிற்பதில்லை. பாலா முதல் வாரம் சீனியை அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் உங்களுக்கு இரண்டு நைலோன் சட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அளவு பாலா சொன்னது.

ஷிராஸைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மற்றவை பிறகு.

அன்புடன்,
திருச்செல்வம்

கட்டுக்கலை,
கண்டி.
20-8-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் சுகமும் தெரிந்தது. முதுகுவலி முதுகிலேயே இருக்கிறது. சட்டைகள் வந்தன. கழுத்துச் சரி, கை நீளம்.

நீங்கள் கேட்டதாக ஷிராஸிடம் சொல்லச் சொன்னீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை குருநாகல் பஸ்ஸில் ஏறிக் கலகெதரவில் இறங்கி, அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, இடது கையால் ஒரு நட்டைப் போல்ட்டில் ஏற்றி இறக்கிப் பழகிக்கொண்டிருந்தான்.

"வாங்க சேர்! சந்திரனுக்கு எப்ப பயணம்?" என்றான்.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்டு போச்சி, ஒண்டு ஈக்கி. லேத்துல நூல் பார்க்கக்குள்ள எப்படியும் ஒரு கண்ண மூடத்தானே வேணும்? இப்ப அந்த வேல மிச்சம்."

கதவுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி கைரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவருக்கு எல்லாம் பகிடி. அந்த ராக்கெட்டு மேல போகல்ல சேர், நேரா எங்கட வீட்டுக்குத்தான் வந்திச்சி" என்றாள். தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். சீனி இல்லை. உள்ளங்கையில் வைத்துக் கடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி தந்தாள். இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். கூப்பனுக்குக் கொடுக்கிற சீனி மாதம் ஒரு வாரத்துக்குக்கூட வருவதில்லை.

நீங்கள் கேட்டதாகச் சொன்னேன்.

"செல்வம் சேர் கேட்டாரா? அல்லாஹ் அவர நல்லா வச்சிருக்கட்டும்" என்றான். நட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "சேர், நீங்க படிச்சவர். உண்மையச் செல்லுங்க. என்ட வெல்டிங் விட்டிச்சா?" என்று கேட்டான்.

அதைத்தான் உங்களிடம் நான் கேட்கிறேன். அவனுக்கு வேலை போவதைவிட இது பெரிதாக இருக்கிறது. பதினெட்டு வருடம் வெல்டிங் வைத்தவன். நாம் நூறு யார் தூரம் தள்ளி மண்மேட்டுக்குப் பின்னால் படுத்திருக்க, "என்ட வெல்டிங் வெடிக்காது" என்று சொல்லிக்கொண்டு முப்பது யார் தூரத்தில் தகரத்துக்குப் பின்னால் நின்றவன். தன் கைவேலைமேல் அவ்வளவு நம்பிக்கை. இப்போது ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் தவறு விட்டேன் என்று யோசிப்பதாகக் கைரியா சொன்னாள்.

சட்டை போதும். கடிதத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ச. ராஜலிங்கம்

கிட்வே.
15-9-1974

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாலாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. எழுதத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஷிராஸ் நல்ல தொழிலாளி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நல்ல தொழிலாளியின் வெல்டிங்கும் சில நேரம் விடும். அந்த மலையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று அளந்து பார்க்க நம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. குழாய் பத்துப் பதினைந்து துண்டாகப் போய்ப் புல்லுக்குள் விழுந்தது. விசாரணைக்காரர்களுக்குக் கிடைத்தது நடுத்துண்டு மட்டும். வெல்டிங் இருந்த அடித்துண்டு கிடைக்கவே இல்லை. அது கிடைத்திருந்தால் யாரும் யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை.

குழாய் விஷயமாக நான் எழுதினால் இங்கே என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. நிலையத்தின் சிபாரிசில்தான் வந்தேன். யோசித்து எழுதுகிறேன்.

சில விஷயங்களைத் தோண்டாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது, மச்சான். உங்களுக்கும்தான்.

அன்புடன்,
திருச்செல்வம்

கட்டுக்கலை.
1-10-1974

மாப்பிள்ளைக்கு,

பாலாவின் காய்ச்சல் குணமானது அறிந்து நிம்மதி. நான் இருக்கிறபடி இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த மிரட்டல் எனக்கு விளங்கவில்லை. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

தோண்ட வேண்டாம் என்றதால் தோண்டுகிறேன். ஏழாம் நம்பருக்கு நீங்கள் வார்த்தது சீனி இல்லை. கருப்பட்டி. எட்டு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. சீனியில் வார்த்தால் பழைய யானைத்தந்தம் மாதிரி வெளிறி, தட்டினால் கல்லாகச் சத்தம் போடும். ஆறு ராக்கெட்டுக்கு அப்படித்தான் வார்த்தீர்கள். இது தேன் நிறம். விரலை வைத்தால் ஒட்டியது. கருப்பட்டி கண்டிக் காற்றில் கிடந்தால் ஈரத்தைக் குடிக்கும் என்பது பௌதிகம் படிக்காத கைரியாவுக்கே தெரியும். அவள் அதை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு வைக்கிறாள். இளகிய எரிபொருள் பற்றவைத்ததும் சரிந்து அடிவாயை அடைத்தது. புகை போக வழியில்லாமல் குழாய் பிளந்தது. வெல்டிங்குக்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதும் தெரியும். கொழும்பிலிருந்து பத்திரிகைக்காரர் வருவதாக இருந்தது. திகதியைத் தள்ளிப்போட உங்களுக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் நம்பர் போனபோது உங்கள் படத்தை மட்டும் போட்டு "கண்டி இளைஞரின் விண்வெளிச் சாதனை" என்று எழுதினார்கள். நாற்பத்து மூன்று வயதில் இளைஞர். அந்த உயரத்தைக் கணக்குப் போட்டவனின் பெயரும் இல்லை, குழாய் கடைந்தவனின் பெயரும் இல்லை. நீங்களும் அந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதித் திருத்தவில்லை. கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டினீர்கள்.

விசாரணைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

ச. ராஜலிங்கம்

கிட்வே.
19-10-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடைச் சாப்பாடு வேண்டாம் அண்ணன், வயிற்றுக்கு ஆகாது.

அவருக்கு வந்த உங்கள் கடிதத்தை நானும் படித்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். அவர் இரண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்துப் படித்தேன்.

சீனியை நான் கொடுத்தேன் அண்ணன்.

நீங்கள் மூன்று பேரும் உங்கள் உங்கள் வீட்டுக் கூப்பன் சீனியைச் சேர்த்து எங்கள் வீட்டுப் பெரிய டின்னில் போட்டு வைத்திருந்தீர்களே, அது. தைப்பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். அப்போது தேயிலைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் பசியோடு டவுனுக்கு வந்து வீடு வீடாக நின்றது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாசலுக்கு ஒரு பொம்பளை வந்தாள். பேர் வீரம்மா, மடுல்கெல்ல பக்கம் என்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை. அது அழவே இல்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன், குடித்தது. அடுத்த நாளும் வந்தாள், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. "அம்மா, நேத்து குடுத்தீங்களே, அதே மாதிரி கொஞ்சம் தாங்கம்மா" என்றாள். பத்து நாளில் டின் காலி.

அவர் வார்க்கப் போகும்போதுதான் டின்னைத் திறந்து பார்த்தார். ஏசவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்" என்றார். கடைத்தெருவுக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி வந்தார்.

அவர் திகதியைத் தள்ளாமல் விட்டது பத்திரிகைக்காரனுக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தள்ளியிருந்தால் சீனி எங்கே என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்கள் என்னை என்ன சொல்வீர்களோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான் அண்ணன். உங்களிடம் பேச எல்லாருக்கும் பயம்தான்.

ஷிராஸின் சம்சாரத்துக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தங்கச்சி,
பாலா

கட்டுக்கலை.
2-11-1974

அன்புள்ள பாலா,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். வீட்டிலேயே சமைக்கிறேன்.

அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று நீ எழுதவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதும் முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன் என்பதால் இது உண்மை என்று நம்பு.

அண்ணன்

கிட்வே.
3-11-1974

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

இத்துடன் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். குழாயை எடுக்கச் சொன்னது நான், ஷிராஸ் என் வாய்மொழி உத்தரவுப்படி நடந்தான், மார்ச்சில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இங்கே வேலை போனால் போகட்டும். 21ஆம் திகதிக்கு முன் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எரிபொருளைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அடுத்த கேள்வி, ஒன்பது நாள் அது எங்கே இருந்தது என்பதுதான்.

ஜனவரி 31ஆம் திகதி நான் வார்த்து, மெழுகுத் துணியால் வாயைக் கட்டி, உங்கள் மேல்மாடி அறையில் சுண்ணாம்பு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். திறக்க வேண்டாம் என்று சொன்னேன். சுண்ணாம்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தப்பிவிடலாம் என்று நினைத்தேன். அது என் பிழை. துணியை அவிழ்க்காமல் நிறம் தெரியாது, மச்சான். விரலில் ஒட்டுவதும் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரையில் நீங்கள் திறந்து பார்த்தது எனக்குத் தெரியாது.

அன்று காலை உங்கள் வாசலில் காரில் ஏற்றும்போது கேட்டேன். "எப்படி இருக்கு மச்சான், காஞ்சிருக்கா?" என்றேன். "கல்லு மாதிரி இருக்கு" என்றீர்கள். எனக்குச் சந்தேகம் இருந்ததால்தான் கேட்டேன். உங்கள் பதிலை எடுத்துக்கொண்டு சந்தேகத்தை விட்டேன். அதுவும் என் பிழைதான்.

இன்னொன்று. வெடித்ததும் எல்லாரும் ஷிராஸைத் தூக்க ஓடினோம். நீங்கள் கடைசியாக வந்தீர்கள். வரும் வழியில் புல்லுக்குள் குனிந்து எதையோ எடுத்து உங்கள் துணிப்பையில் போட்டீர்கள். சூடாக இருந்திருக்க வேண்டும், கையை உதறினீர்கள். ஒரு சாண் நீளத்துக்கு அந்தப் பையில் ஏதோ கனத்தது. ஆஸ்பத்திரி வரையில் அதை மடியில் வைத்திருந்தீர்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தவறை நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். நன்றிகூட இருந்தது. பிறகு நீங்கள் கேள்வி கேட்டு எழுதத் தொடங்கினீர்கள்.

அடித்துண்டு எங்கே, மச்சான்?

அன்புடன்,
திருச்செல்வம்

கலகெதர.
24-11-1974

மதிப்புக்குரிய ராஜலிங்கம் சேர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வீட்டாரும் ஆண்டவன் கிருபையால் நலம். உங்கள் நலத்துக்குத் துஆ செய்கிறோம். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு ஓடினது போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

21ஆம் திகதி விசாரணைக்கு நீங்கள் வந்து வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்ததை மறக்க மாட்டேன். உள்ளே நடந்ததை அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். செல்வம் சேரின் கடிதத்தைப் பணிப்பாளர் எல்லாருக்கும் கேட்க வாசித்தார். திருட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி. அல்ஹம்துலில்லாஹ்.

வெல்டிங் விஷயம் அப்படியே நிற்கிறது. "அது வெல்டிங் இல்லை என்று காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். என்னிடம் என்ன இருக்கிறது சேர்? "அப்படியென்றால் நீயே நினைத்துச் சொல், விட்டதா விடவில்லையா?" என்று கேட்டார்கள். "விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மையாகவே எனக்கு இப்போது தெரியவில்லை. ஒரு மனிசன் எவ்வளவு நாளைக்குத் தன் கையை நம்புவது? டிசம்பர் 16 முடிவு சொல்வார்கள். அதற்குள் ஏதாவது இருந்தால் தரலாம் என்றார்கள்.

எது நடந்தாலும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படித்தவர்களில் கடைசி மட்டும் எனக்குப் பக்கத்தில் நின்றது நீங்கள் ஒருவர்தான். அதை எழுதத்தான் இந்தக் கையைப் பழக்கினேன்.

வஸ்ஸலாம்.
ஷிராஸ்

கட்டுக்கலை.
8-12-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை 19ஆம் திகதி பணிப்பாளர் கையிலேயே கொடுத்தேன். அதனால் ஒரு குற்றச்சாட்டு நீங்கியது. ஷிராஸ் எழுதியதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பந்தியை நீங்களும் படிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அடித்துண்டு என் அலுமாரியில், கீழ்த்தட்டில், பழைய பரீட்சைத் தாள்களுக்கு அடியில் பத்து மாதம் இருந்தது. வெல்டிங் முழுதாக இருக்கிறது. நகக்கண் நுழையும் இடைவெளிகூட இல்லை. குழாய் அதற்கு நான்கு அங்குலம் மேலே நீளவாக்கில் பிளந்திருக்கிறது. உள்ளே கருகாமல் தங்கிய எரிபொருள் கட்டியாக அடிவாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பழுப்பு நிறத்தில். பார்த்த உடனே எவனுக்கும் விளங்கும். அதனால்தான் எடுத்தேன்.

பெப்ரவரி 5ஆம் திகதி துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கருப்பட்டி என்று தெரிந்தது, இளகியிருக்கிறது என்றும் தெரிந்தது. திரும்பக் கட்டி வைத்தேன். ஈரமான எரிபொருள் புகைந்து கிடக்கும், முழங்கால் உயரம் எழும்பி விழும், பத்திரிகைக்காரர் சிரித்துவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டேன். உங்கள் படத்துக்குக் கீழே வேறு மாதிரி எழுதுவார்கள் என்று நினைத்தேன். வெடிக்கும் என்று நினைக்கவில்லை. அடிவாய் அடைபடலாம் என்பது கணக்கில் வரவில்லை. கழகத்தில் கணக்குப் போடுகிறவன் நான். ஷிராஸ் முப்பது யாரில் நிற்பான் என்பதும் எனக்குத் தெரியும். எப்போதும் அங்கேதான் நிற்பான்.

உங்களைக் கடிதம் எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் எரிபொருளை ஒப்புக்கொண்டால் துண்டைக் காட்டத் தேவையிருக்காது என்பதுதான் எண்ணம்.

நேற்றுப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கலகெதரவுக்குப் போனேன். ஷிராஸ் பள்ளிக்குத் தொழப் போயிருந்தான். கைரியாதான் வெளியே வந்தாள். வாசலிலேயே கொடுத்தேன். பேப்பரைப் பிரித்து, வெல்டிங் இருந்த இடத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். லேத்காரன் பெண்டாட்டி. ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது எங்க ஈந்திச்சி?" என்றாள்.

"மலையில கிடந்தது."

"பத்து மாசமாவா?"

நான் அவள் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்தேன்.

"அங்க மழைல கிடந்தா துரு ஏறியிருக்குமே சேர்" என்றாள். குரல் உயரவில்லை. "இதுல துருவே இல்ல. எண்ணெ பூசி வச்ச மாதிரி ஈக்கி."

எண்ணெய் பூசித்தான் வைத்திருந்தேன். ஏனென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எறிந்துவிடவும் முடியவில்லை, துருப்பிடிக்க விடவும் முடியவில்லை.

"உள்ள வாங்கண்டு செல்ல மாட்டன். அவர் வந்ததும் குடுக்கிறன். இத நீங்கதான் கொண்டு வந்தீங்கண்டு செல்லவா?"

"உங்க விருப்பம்" என்றேன்.

"அவர் தேத்தண்ணி குடிக்கக்குள்ள எல்லாம் உங்களப் பத்தித்தான் பேசுவார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கோபமாகச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

அடித்துண்டு மட்டும் போதாது. எங்கிருந்து வந்தது, இவ்வளவு நாள் யார் வைத்திருந்தது என்று கேட்பார்கள். ஷிராஸே வேறு குழாயில் செய்து கொண்டுவந்தான் என்றும் சொல்வார்கள். ஆகவே இன்று காலை பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். சீனி கிடைக்காததால் கருப்பட்டி வார்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். சீனி எங்கே போனது என்பது யாருக்கும் தேவையில்லை, எழுதவில்லை. பாலாவிடம் சொல்லுங்கள். வார்த்தவர் சந்தேகப்பட்டுக் கேட்டார், வைத்திருந்தவர் பொய் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். வைத்திருந்தவர் கட்டுக்கலையில் குடியிருக்கும் பௌதிக ஆசிரியர் ச. ராஜலிங்கம் என்றும், அடித்துண்டை மலையிலிருந்து எடுத்து ஒளித்தவர் அவரே என்றும் முகவரியுடன் இருக்கிறது. அவரை அழைத்து விசாரித்தால் மறுக்க மாட்டார் என்றும் சேர்த்திருக்கிறேன்.

கடைசியில் கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வந்து நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நம் நாட்டுக் கந்தோர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கையெழுத்திட்ட கடிதம் வந்தால் கிடைத்தது என்று பதில் போட்டுக் கோப்பில் கட்டிவிடுவார்கள். மொட்டைப் பெட்டிசம் வந்தால் மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தரம் படிப்பார், மூன்றாம் நாள் ஆள் அனுப்புவார். 16ஆம் திகதிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. இது ஒரு காரணம். உங்களுக்குச் சொல்லக்கூடிய காரணம்.

மற்றது இது. கையெழுத்து வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் என்று ஒரு பெயர் வரும். ஷிராஸ் இடது கையால் இன்னொரு கடிதம் எழுதினாலும் எழுதுவான், அவன் அப்படிப்பட்டவன். காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். என்னைத் தேடி வரட்டும், கூப்பிட்டுக் கேட்கட்டும். சொல்கிறேன்.

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நாளைக் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாற்பெட்டியில் போடுவேன், கையெழுத்து இல்லாமல்.